கத்தார் உலகக் கோப்பையில் பீருக்கு முழுத் தடையா இருந்தது?

முழுத் தடை இல்லை. தடை விழுந்தது மைதானங்களுக்கும் அவற்றைச் சுற்றிய வளாகத்துக்கும்தான். 2022 நவம்பர் 20-ல் போட்டி தொடக்கம். ஃபிஃபா அறிவித்ததோ 18-ம் தேதி! விற்பனைக் கூடாரமெல்லாம் போட்டுத் தயாராக நின்ற ஸ்பான்சரான பட்வைசர் பீர் நிறுவனம், 'சங்கடமாப் போச்சே' என்கிற தொனியில் ட்விட்டரில் ஒரு வரி போட்டு, கொஞ்ச நேரத்தில் அழித்துவிட்டது.

சாதாரண டிக்கெட்காரருக்கு மைதானத்தில் கிடைத்தது ஆல்கஹால் இல்லாத பட்வைசர் ஜீரோ. அதே மைதானத்தின் காஸ்ட்லி விருந்தினர் மாடங்களில் மட்டும் மது தாராளம். (எனக்கு உறுத்தியது இதுதான்.) தோஹாவின் அல் பித்தா பூங்கா ரசிகர் திருவிழாவில் மாலை 7 மணிக்கு மேல் அரை லிட்டர் பீர் 50 ரியால். உரிமம் பெற்ற ஹோட்டல் பார்களும் வழக்கம்போல் இயங்கின. பொது இடத்தில் குடிப்பதுதான் அங்கே குற்றம்.