பைக் ஹெட்லைட்டில் காருக்கான எச்4 பல்பைப் போடலாமா?

வேண்டாம். எச்4 என்பது பல்பின் அடிப்பகுதி, இழைகளின் இடம், வாட் ஆகியவற்றைக் குறிக்கும் வகைப்பெயர். அது 12 வோல்ட்டில் 60/55 வாட், அதாவது ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55. பல பைக்குகளில் இருப்பதோ அதே சாயல் கொண்ட எச்எஸ்1. வெறும் 35/35 வாட். வாட் கூடினால் சூடும் கூடும். ஹோல்டர் உருகலாம், வயர் கருகலாம். 5 ஆம்பியர் பிளக்கில் கீசரைச் செருகுவது போன்றது இது.

ஹாலஜன் விளக்கில் எல்இடி பல்பை மாட்டுவதுதான் எனக்கு இன்னும் கவலை தருகிறது. உள்ளிருக்கும் பிரதிபலிப்பான் இழையின் இடத்தைக் கணக்கிட்டே வளைக்கப்பட்டது. ஒளி பிறக்கும் புள்ளி சற்று விலகினாலும் வெளிச்சம் சாலையை விட்டு எதிரே வருபவரின் கண்ணில் பாயும். பழைய பல்பில் அச்சிட்டிருக்கும் வகையையே கேட்டு வாங்குங்கள்.

‘6000 கெல்வின்’ என்றால் அதிக வெளிச்சம் என்று பலர் நம்புகிறார்கள். கெல்வின் ஒளியின் நிறத்தை மட்டுமே சொல்கிறது, அளவைச் சொல்வது லூமன்.