சைக்கிள் சீட் வலி: கேள்வி-பதில்

கே: எடை 96 கிலோ. டாக்டர் சொன்னாரென்று கியர் சைக்கிள் வாங்கினேன். அழகர்கோவில் ரோட்டில் அரை மணி நேரம்கூட உட்கார முடியவில்லை. பெரிய, மெத்தென்ற சீட் மாற்றலாமா? (கே.புதூர் வாசகர்)

ப: வேண்டாம். கடையில் எல்லாரும் சீட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறார்கள். அமுங்கினால் நல்ல சீட்டாம். விரலாலா உட்காரப் போகிறீர்கள்? உடம்பைத் தாங்க வேண்டியவை இடுப்புக்கு அடியில் இருக்கும் இரண்டு எலும்புகள். மெத்தை ரொம்ப மெத்தென்று இருந்தால் அவை உள்ளே புதைந்து, நடுவிலுள்ள சதையும் நரம்பும் அழுந்தும். எடை கூடக்கூட இன்னும் புதையும். ஆகவே கனத்த உடம்புக்குத்தான் கொஞ்சம் கெட்டியான சீட் தேவை. அகலத்தையும் எடை பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த எலும்புகளின் இடைவெளிதான் கணக்கு. ஒல்லியானவருக்கும் அது அகலமாக இருக்கலாம். நான் வாங்கிய ஜெல் கவர் சித்திரை வெயிலில் தோசைக்கல்லாகக் காயும், திரும்பும்போது நழுவும். இப்போது பரணில் கிடக்கிறது.

அப்புறம், கால் வலு. அழுத்தி மிதிப்பவரின் பாரத்தில் ஒரு பங்கு பெடலுக்குப் போய்விடும். புதிதாக ஓட்டுபவருக்குச் சீட்டுதான் சுமக்க வேண்டும். காசு செலவழிக்கும் முன் சில வாரம் ஓட்டுங்கள், அடிக்கடி எழுந்து நின்று மிதியுங்கள். பெடல் கீழே வரும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி சீட் உயரத்தை வையுங்கள்.

கே: ஓட்டும்போது உட்காரும் இடம் மரத்துப்போகிறது. பழகிவிடும் என்கிறார் கடைக்காரர். (நாகமலை புதுக்கோட்டை வாசகர்)

ப: வலி பழகும், மரத்துப்போவதைப் பழக்கிக்கொள்ளக் கூடாது. சீட்டின் முனை மேலே தூக்கியிருந்தால் மட்டமாக்குங்கள். அப்படியும் நிற்காவிட்டால் டாக்டரிடம் போங்கள்.

கே: ஆன்லைனில் நல்ல ஸ்டார் பார்த்து 2,400 ரூபாய்க்குப் பந்தய சீட் வாங்கினேன். என் சைக்கிள் நிமிர்ந்து ஓட்டுவது. வலி கூடிவிட்டது. (மேலூர் வாசகர்)

ப: கூடத்தான் செய்யும். அது குனிந்து ஓட்டுபவருக்கான சீட். ஸ்டாரை எண்ணிய நேரத்தில் விவரத்தைப் படித்திருக்கலாம்.

கே: அம்மாவுக்கு வாங்கிய சைக்கிளில் இரண்டாம் வாரமே சீட்டின் அடிக்கம்பி உடைந்து கீழே விழுந்துவிட்டார். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லைக் காட்டுகிறார்கள். (திருமங்கலம் வாசகர்)

ப: அந்த வரியைக் கண்டு பயப்படாதீர்கள். பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். உடைந்த சீட்டைத் தூக்கிப் போடாமல் படம் எடுத்து வையுங்கள். கடைக்கு எழுத்தில் கொடுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள், அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. அம்மாவின் வைத்தியச் செலவு ரசீதுகளையும் சேர்த்துக் கேளுங்கள்.