நீல் யங்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: இவரை நாட்டுப்புறப் பாடகர் என்பதா, ராக் பாடகர் என்பதா?

இரண்டும்தான். 1979இல் வந்த ‘ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்’ ஆல்பத்தில் முதல் பக்கம் அக்கூஸ்டிக் கிதாரும் ஹார்மோனிகாவும். தட்டைத் திருப்பினால் கிரேஸி ஹார்ஸ் குழுவோடு காதைப் பிளக்கும் சத்தம்.

கேள்வி: பிணம் ஏற்றும் வண்டியில் சுற்றினார் என்கிறார்களே?

நிஜம்தான். சவப்பெட்டியைத் தள்ள அதில் உருளைகள் இருக்கும். ஆம்ப்ளிஃபயர் ஏற்றி இறக்க அதைவிட வசதி வேறு ஏது? கனடாவில் அவர் வைத்திருந்த முதல் வண்டி வழியிலேயே படுத்துவிட்டது. 1966இல் இன்னொன்றை ஓட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சலிஸ் போனார். போக்குவரத்து நெரிசலில் அந்த வண்டியைப் பார்த்துத்தான் பாடகர் ஸ்டீஃபன் ஸ்டில்ஸ் இவரை அடையாளம் கண்டுகொண்டார். பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட் குழு அப்படித் தொடங்கியது.

கேள்வி: ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ மாதிரியே தொடர்ந்து பாடியிருக்கலாமே?

எல்லோரும் கேட்பதுதான். 1972இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த அவருடைய ஒரே பாட்டு அது. அப்போது அவருக்கு முதுகில் கோளாறு. கனமான எலக்ட்ரிக் கிதாரை மாட்டிக்கொண்டு நிற்க முடியாமல், உட்கார்ந்து அக்கூஸ்டிக் வாசித்த காலம். அதே ஆண்டு நவம்பரில் கிரேஸி ஹார்ஸின் கிதார் கலைஞர் டேனி விட்டன் போதைப் பழக்கத்துக்குப் பலியானார். அடுத்த ஆண்டு, கச்சேரிக் கருவிகளைக் கவனித்துவந்த புரூஸ் பெர்ரியும் அதே வழியில் போனார். அப்புறம் இனிமையாகப் பாட யாருக்கு மனம் வரும்? அந்தப் பாட்டு தன்னை நடுச்சாலையில் கொண்டுபோய் விட்டது, அது அலுத்துப்போய் ஓரத்துப் பள்ளத்துக்கு இறங்கினேன் என்று அவரே பின்னாளில் எழுதினார். பள்ளத்தில் பிறந்த ‘டுநைட்ஸ் த நைட்’ ஆல்பத்தில் குரல் பிசிறும், சுருதி விலகும், அப்படியே விட்டிருக்கிறார். என் கணக்கில் அதுதான் அவருடைய உச்சம்.

கேள்வி: இவர் ஆல்பங்களை வெளியிட்ட கம்பெனியே இவர்மீது வழக்குப் போட்டதாமே?

1983இல் கெஃபன் நிறுவனம் போட்டது. கேட்ட தொகை 33 லட்சம் டாலர். குற்றச்சாட்டு என்ன தெரியுமா? நீல் யங் நீல் யங் மாதிரிப் பாடவில்லையாம்! ‘டிரான்ஸ்’ ஆல்பத்தில் குரலை வோகோடர் என்ற கருவியில் போட்டு இயந்திரம் போல ஆக்கியிருந்தார். பெருமூளை வாதத்தால் பேச முடியாத மகன் பென்னோடு எப்படியாவது பேசிவிடத் துடித்த தகப்பனின் ஆல்பம் அது. கேலி செய்த பலருக்கு அது தெரியாது. பிறகு நிறுவனத்தின் தலைவர் டேவிட் கெஃபன் மன்னிப்புக் கேட்டார்.

கேள்வி: ஸ்பாட்டிஃபையில் இருக்கிறாரா?

இருக்கிறார். அதில் வந்த கோவிட் பொய்த் தகவலைக் கண்டித்து 2022இல் விலகியவர், 2024இல் திரும்பினார்.

கேள்வி: எதிலிருந்து தொடங்க?

மென்மை வேண்டுமென்றால் ‘ஆஃப்டர் த கோல்ட் ரஷ்’ ஆல்பம். அடுத்து ‘சின்னமன் கேர்ள்’ பாட்டு. அதில் கிதார் சோலோ என்று ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப அடிப்பார். அது எரிச்சலூட்டினால், சரி, இவர் உங்களுக்கு ஒத்துவர மாட்டார்.