கராஜ் தரைக்கு எபாக்சி போடப் போகும் தம்பிக்கு

தம்பி, தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய குயின்ஸ்பர்க்கில் வீடு வாங்கி நான்கு மாதம் ஆகிறது, கராஜ் தரை தூசியும் எண்ணெய்க் கறையுமாகக் கிடக்கிறது, எபாக்சி (ரெசினையும் அதை இறுக்கும் ஹார்டனரையும் கலந்து அடிக்கும் பூச்சு) போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பேர் விலை சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் ஆசிட் ஊற்றிக் கழுவி, இரண்டு கோட் அடித்து, சனி ஞாயிறுக்குள் முடித்துத் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் ஐந்து நாள் கேட்கிறார், விலையும் இரண்டு மடங்குக்கு மேல். யாரிடம் கொடுக்கலாம், என்ன நிறம் எடுப்பாக இருக்கும், பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளி, நம் ஊர் மளிகைச் சாமான் எங்கே கிடைக்கும் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள்.

பள்ளியைப் பற்றி உங்கள் தெருக்காரர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். மளிகைக்கு, இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் போங்கள், கறிவேப்பிலையிலிருந்து கற்பூரம் வரை கிடைக்கும். நிறம் உங்கள் வீட்டம்மா விருப்பம். நான் சொல்ல வந்தது தரைக்கு அடியிலிருந்து ஏறி வரும் ஈரத்தைப் பற்றி. உங்கள் கேள்வியில் ஒரு வரி இருந்தது: சாலையைவிட வீடு தாழ்வில் இருக்கிறது, கராஜின் பின்சுவர் மண்ணோடு ஒட்டியிருக்கிறது என்று. அதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் திருச்சியிலிருந்து டர்பன் வந்தது 2008 பிப்ரவரி. பிராஸ்பெக்டனில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. தங்க இடம் உண்டு என்று சொல்லித்தான் அழைத்து வந்தார்கள். வந்த பிறகு அது இரண்டு வாரத்துக்கு மட்டும் என்றார்கள். மூன்றாவது வாரம் சாட்ஸ்வொர்த்தில் ஒரு ஆயாவின் வீட்டுக் கராஜை வாடகைக்கு எடுத்தேன். இங்கே பெட்ரோல் பங்க்கையும் கராஜ் என்றுதான் சொல்வார்கள். கராஜில் குடியிருக்கிறேன் என்று அம்மாவுக்குப் போனில் சொன்னபோது, அதைக் கேட்ட தொழிற்சாலைக்காரர்களே பெட்ரோல் பங்க்கில் தங்கியிருக்கிறேன் என்று நினைத்துப் பயந்து போனார்கள்.

கராஜ் கதவை எடுத்துவிட்டுச் செங்கல் கட்டியிருந்தார்கள். ஒரு ஜன்னல், ஒரு பல்பு, வெறும் சிமெண்ட் தரை. அதில் மெத்தையைப் போட்டுப் படுத்தேன். நான்காம் நாள் காலையில் மெத்தையைத் தூக்கினால் அடிப்பக்கம் சொதசொதவென்று நனைந்து, மூலையில் கரும்பூஞ்சை பிடித்திருந்தது. கூரை ஒழுகவில்லை, குழாயும் அங்கே இல்லை. நான் அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயா வந்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்க் கனமான பிளாஸ்டிக் தாள் ஒன்றை எடுத்து வந்து, தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் டேப் போட்டு ஒட்டினார். மறுநாள் பிரித்துக் காட்டினார். தாளின் மேல்பக்கம் காய்ந்திருந்தது. அடிப்பக்கம் இட்லிக் கொப்பரை மூடியின் உட்புறம் மாதிரி முத்து முத்தாகத் தண்ணீர். "கீழே இருந்து வருது பா" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான், ஆனால் அன்றைக்கு எனக்கு வேண்டியதும் அதுதான். பிறகு நான்கு மரப் பலகைச் சட்டங்களைக் கொண்டுவந்து போட்டார். பதினான்கு மாதம் அதன்மேல்தான் படுத்தேன்.

காங்கிரீட் பார்க்கத்தான் கல். உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்தது, மண்ணில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். ஒழுங்காகக் கட்டிய வீட்டில் தரைக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்துவிட்டுத்தான் காங்கிரீட் போடுவார்கள். பழைய வீடுகளில், அதிலும் பிற்பாடு சேர்த்துக் கட்டிய கராஜ்களில், அதை எதிர்பார்க்க முடியாது. டர்பன் முழுக்க மேடு பள்ளம். சரிவை வெட்டித்தான் கராஜ் கட்டுகிறார்கள். கோடையில் மழை பெய்தால் மேட்டு மண்ணில் இறங்கும் தண்ணீர் பின்சுவரில் வந்து முட்டும். வெறும் தரையாக இருக்கும்வரை ஈரம் ஆவியாகிப் போய்க்கொண்டே இருப்பதால் நமக்குத் தெரியாது. அதன்மேல் எபாக்சியைப் பூசி வழியை அடைத்தால், ஈரம் அந்தப் படலத்தைத் தள்ளிக் கிளப்பும்.

2009ல் குடும்பம் வந்தது. சில வருடம் கழித்துச் சொந்த வீடு வாங்கினோம். 2017 ஜனவரியில் கராஜுக்கு எபாக்சி போட்டேன். ஆயா காட்டியதை நான் மறந்துவிடவில்லை. அந்தக் கான்ட்ராக்டரிடம் ஈரத்தைப் பற்றிக் கேட்டேன். "அண்ணா, இது என் பொறுப்பு" என்றார். நம் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், நம் மொழியில் பேசினார், நான் அதற்கு மேல் கேட்கவில்லை. காலையில் ஆசிட் ஊற்றித் தேய்த்துக் கழுவினார். மதியம் ஃபேன் வைத்து உலர்த்தினார். சாயங்காலம் முதல் கோட் அடித்தார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. முழுப் பணத்தையும் கையில் கொடுத்தேன், ரசீது வாங்கவில்லை.

முதல் மாதம் கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டாம் மாதம் மேலே வெள்ளை வெள்ளையாக மெழுகு தேய்த்தது போல ஒரு படலம் தெரிந்தது. ஈரக் காற்றில் எபாக்சி இறுகும்போது ஹார்டனரால் வருவது அது, முதல் கோட்டின்மேல் அப்படிப் படிந்தால் அடுத்த கோட் அதில் ஒட்டாது. அப்புறம் பின்சுவர் ஓரத்தில் கொப்புளங்கள் கிளம்பின. ஒன்றை ஊசியால் குத்திப் பார்த்தேன், பிசுபிசுப்பாகத் தண்ணீர் வந்தது. ஏப்ரலில் ஒருநாள் என்-3 நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டி வந்து வண்டியை நிறுத்தினேன். மறுநாள் காலையில் பின்னால் எடுத்தபோது முன் டயர் இரண்டும் நின்ற இடத்தில் படலம் டயரோடு உரிந்து வந்தது. டயர் சூடாக இருக்கும்போது மென்மையாகிப் படலத்தைப் பற்றிக்கொள்கிறது, குளிரும்போது சுருங்கி இழுக்கிறது. அடியில் பிடிமானம் இருந்தால் அந்த இழுப்பைப் படலம் தாங்கும். என் தரையில் பிடிமானம் இல்லை. உரிந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உளுந்து அப்பளம் கனம்தான் இருக்கும். அடிப்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறச் சிமெண்ட் மாவு. அதாவது எபாக்சி உறுதியான காங்கிரீட்டைப் பிடிக்கவே இல்லை, மேலே படிந்திருந்த பலமில்லாத மாவைத்தான் பிடித்திருக்கிறது.

அந்தக் கான்ட்ராக்டர் என் போனை எடுக்கவில்லை. இங்கே 2008ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வேலை தரமில்லை என்றால் சரிசெய்து தர வேண்டும், இல்லையென்றால் நியாயமான அளவு பணத்தைத் திருப்பித் தர வேண்டும். சிறு வழக்கு நீதிமன்றத்தில் 20,000 ராண்ட் வரை வக்கீல் இல்லாமல் நாமே போய்க் கேட்கலாம். ஆனால் கையில் ஒரு துண்டுக் காகிதமாவது இருக்க வேண்டுமே! அதனால்தான் சொல்கிறேன். கொட்டேஷனில் தரையை எப்படித் தயார் செய்வார், எந்தப் பொருள், எத்தனை கோட், எவ்வளவு கனம், ஈரம் சோதித்ததில் என்ன வந்தது என்று எல்லாம் எழுதி வாங்குங்கள். பணத்தில் ஒரு பகுதியை, தரையில் கார் ஏறி ஒரு வாரம் ஆனபிறகு தருவதாகப் பேசிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. புதிதாக வருகிற நம் ஆட்களிடம் இரண்டு பழக்கம் பார்க்கிறேன். ஒன்று, தமிழில் பேசினால் போதும், விசாரிக்காமல் வேலையைத் தூக்கிக் கொடுப்பது. இன்னொன்று, இங்கேயே பிறந்த தமிழர்களைத் தமிழ் தெரியாதவர்கள் என்று சிரிப்பது. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து இந்தத் துறைமுகத்துக்கு வந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுடைய பிள்ளைகள் இவர்கள். ஆயாவின் குடும்பம் கேட்டோ மேனரில் இருந்தது. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால் 1960களில் அங்கிருந்து கிளப்பிச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து விட்டார்கள். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சாமல் ஒரு வருடமும் விட்டதில்லை. முதல் பாத்திரம் என் கராஜ் வாசலுக்குத்தான் வரும். இவர்களைச் சிரிக்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

சரி, தரைக்கு வருகிறேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் என் கராஜில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. ஜூலையில் வேறொருவரை அழைத்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஜூலுக்காரர், பக்கியில் (பின்னால் சாமான் ஏற்றும் பிக்கப் வண்டிக்கு இங்கே அந்தப் பெயர்) வந்தார். நான் "சனிபோனானி, பாபா" என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. இந்த ஊருக்கு வந்து நான் கற்றதில் அந்த வணக்கத்தைப் பெரிதாக மதிக்கிறேன், நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். அவர் தரையில் உள்ளங்கை அகலம் தேய்த்துப் பார்த்தார், பின்சுவரைத் தட்டினார், பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் தாளை எடுத்து டேப் போட்டு ஒட்டினார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மறுநாள் வந்து பிரித்துப் பார்த்துவிட்டு, "இந்த வருடம் வேண்டாம், முதலில் சுவருக்குப் பின்னால் தண்ணீர் வடிய வழி செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு காசு வாங்கவில்லை. கையில் வந்த வேலையை வேண்டாம் என்று சொன்ன முதல் ஆளை அன்றுதான் பார்த்தேன்.

சுவருக்குப் பின்னால் பள்ளம் தோண்டித் துளைக்குழாய் போட்டு, ஜல்லி நிரப்பித் தண்ணீரைப் பக்கவாட்டில் வெளியேற்றினேன். ஒரு வருடம் காயவிட்டோம். 2023 ஆகஸ்டில் வந்து அவரே போட்டார். ஏன் ஆகஸ்ட் என்றால் இங்கே குளிர்காலம்தான் மழையில்லாத காலம். உங்களுக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உள்ள நாட்களையே சொல்வேன். காற்றில் ஈரம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், தரையின் வெப்பம் பனிப்புள்ளியைவிட (காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்று கருவியை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் டப்பாவையே திறந்தார்.

முதல் நாள் முழுக்க வைரப்பல் வைத்த கிரைண்டரால் தரையைத் தேய்த்தார், தூசியை உறிஞ்சும் இயந்திரமும் கூடவே ஓடியது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். தேய்த்த தரை சொரசொரவென்று உப்புத்தாள் மாதிரி இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார், உடனே உறிஞ்சிக்கொண்டது. எண்ணெய்க் கறை இருந்த இடத்தில் மட்டும் சொட்டு உருண்டு நின்றது, அங்கே மறுபடி எண்ணெய் நீக்கி போட்டுத் தேய்த்தார். விரிசல்களை அடைத்து, ஈரம் தாங்கும் பிரைமர் பூசி, மறுநாள் எபாக்சி. ரெசினையும் ஹார்டனரையும் அளந்து கலந்ததும் வாளியில் வைத்திருக்காமல் தரையில் ரிப்பன் ரிப்பனாகக் கொட்டிவிட்டார். வாளியிலேயே விட்டால் தானே சூடேறிப் புகை வந்துவிடுமாம். அடியில் ஆணி வைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு ஈரப் பூச்சின்மேல் நடந்து, வண்ணச் சில்லுகளை மேலே விசிறினார், அவை பூமாரி மாதிரி இறங்கின. கடைசியில் பாலியூரித்தேன் மேல்பூச்சு, வழுக்காமல் இருக்கப் பொடிமணல் கலந்து. அந்த மேல்பூச்சை விட்டுவிடாதீர்கள். எபாக்சி வெயில் பட்டால் மஞ்சளாகும், கராஜ் கதவைத் திறந்து வைக்கும் பழக்கம் நமக்கெல்லாம் உண்டு. 24 மணி நேரம் கழித்துத்தான் நடக்க விட்டார், காரை ஒரு வாரம் வெளியே நிறுத்தினேன். அந்த வருடம் மின்வெட்டு கடுமையாக இருந்ததால் சொந்த ஜெனரேட்டரையும் கொண்டுவந்திருந்தார். உங்கள் ஆளிடமும் அதைக் கேட்டுவிடுங்கள், பாதி தேய்த்து நின்றால் உங்களுக்குத்தான் கஷ்டம். இன்றுவரை என் தரையில் ஓர் இடத்திலும் உரியவில்லை.

ஆகவே உங்கள் இரண்டு கொட்டேஷனில் ஐந்து நாள் கேட்பவர் பக்கம்தான் நான். ஆனால் அவரிடமும் இப்போதைக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். ஹார்டுவேர் கடையில் தெளிவான பிளாஸ்டிக் தாள் வாங்கி, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடியாக மூன்று துண்டு வெட்டுங்கள். ஒன்று கதவோரம், ஒன்று நடுவில், ஒன்று பின்சுவர் ஓரம். நான்கு பக்கமும் காற்று புகாமல் டேப் ஒட்டுங்கள், குறைந்தது 16 மணி நேரம் தொடாதீர்கள். நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் செய்தால் இன்னும் நல்லது. பிறகு பின்சுவர் ஓரத்துத் தாளை முதலில் தூக்கிப் பாருங்கள். அடியில் முத்து கட்டியிருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ, எனக்கு ஒரு வரி எழுதுங்கள். சுவருக்குப் பின்னால் குழாய் போட்ட ஆளின் நம்பர் தருகிறேன், அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.