காதைத் தொட்டாலே எகிறும் குதிரை: முறுக்கவும் வேண்டாம், முள்ளும் வேண்டாம்

கேள்வி: போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் நாலு வயதுக் கத்தியவாரி இனப் பெண்குதிரை ஒன்று வாங்கினேன். கையில் தீனி வாங்கித் தின்கிறது. கடிவாளத்தைக் கண்டால் மட்டும் தலையைத் தூக்கி எகிறுகிறது. காதைத் தொட விடுவதில்லை. ஏறினால் பின்னாலேயே நகர்ந்து முன்னங்காலைத் தூக்குகிறது. காதை முறுக்கிப் பிடித்து முள் கடிவாளம் போட்டால் அடங்கும் என்கிறார் பக்கத்து ஊர்ப் பெரியவர். எனக்கு அடிக்க மனசில்லை. தினம் 4 கிலோ கொள்ளு வைக்கிறேன். என் எடை 72 கிலோ. என்ன செய்யலாம் ஐயா?
— ஒரு மஞ்சள் விவசாயி, சத்தியமங்கலம் வட்டம்

பதில்: முள் கடிவாளத்தை வாங்கியிருந்தால் இரும்புக்கடையில் போட்டுவிடுங்கள் தம்பி. முள்ளோ முடிச்சோ வைத்த கடிவாளத்தை 1965ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்பு விதிகளே தடை செய்கின்றன. சட்டம் இருக்கட்டும், இந்தக் குதிரைக்கு அது நோயைக் கூட்டுகிற மருந்து. கடிவாளம் வலிக்கிறது என்று சொல்கிற வாயில் இன்னும் வலிக்கிற கடிவாளத்தைத் திணிப்பதா?

சந்தையில் சுழி பார்த்து வாங்கியிருப்பீர்கள். வாயைத் திறந்து உள்ளே பார்த்தீர்களா? நாலு வயதில் பால் பல் விழுந்து கடைவாயில் புதுப்பல் முட்டுகிற நேரம். ஈறு புண்ணாக இருக்கும். சில குதிரைக்கு மேல்தாடையில் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால், கடிவாள இரும்பு உரசுகிற இடத்திலேயே, ஒரு குட்டிப் பல் இருக்கும். அதில் இரும்பு இடித்தால் தலையைத் தூக்காமல் என்ன செய்யும்? கடைவாய்ப் பல்லின் ஓரம் கூர்மையாகிக் கன்னத்தைக் கிழிப்பதும் உண்டு. அதை ராவிவிட வேண்டும். குதிரை பார்த்துப் பழகிய மருத்துவரிடம் காட்டுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு எட்டுகிற தூரம்தான். முதுகையும், குளம்பின் அடியையும், காதின் உள்பக்கத்தையும் அப்படியே பார்க்கச் சொல்லுங்கள். வாயில் புண் இருந்தால் ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி போட வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். அந்த நோய் மாட்டைவிடக் குதிரையைச் சுலபமாகப் பிடிக்கும்.

தீனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 4 கிலோ கொள்ளைத் தின்றுவிட்டு வேலையில்லாமல் கட்டுத்தரையில் நிற்கிற குதிரை துள்ளத்தான் செய்யும். குதிரையின் வயிற்றில் அமிலம் ஓயாமல் ஊறும். வாயில் எப்போதும் புல் இருக்க வேண்டும். பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கொள்ளை ஒரு கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். அருகம்புல்லும் காய்ந்த புல்லும் தாராளமாகப் போடுங்கள். பச்சைச் சோளத்தட்டு மட்டும் வேண்டாம். மாடு தின்கிறதே என்று போடுவார்கள். குதிரைக்கு அது மூத்திரப்பையைக் கெடுத்துப் பின்கால் தள்ளாட வைக்கும். தனியாக நிற்கிறதென்றால் பக்கத்தில் ஒரு வெள்ளாட்டையாவது கட்டுங்கள்.

இனி அந்தக் காது. உங்களுக்கு முன்னால் யாரோ முறுக்கிய காது அது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முறுக்கினால் குதிரை அசையாமல் நிற்கும், பெரியவர் சொல்வது பொய்யில்லை. நானே செய்திருக்கிறேன். படிப்பு முடித்த புதிதில் ஒரு பண்ணையில் முன்னங்காலை மடக்கிக் கட்டிவிட்டு ஏறினேன். கொஞ்ச நேரம் குதித்தது. பிறகு வியர்த்து ஊற்றி, மரம்போல் நின்றது. அடக்கிவிட்டேன் என்று அன்று முழுவதும் பெருமை பேசினேன். மறுநாள் காலை கயிறோடு லாயத்துக்குள் போனால், மூலையில் ஒண்டி எனக்குப் பின்பக்கத்தைக் காட்டி நின்றது. என் காலடிச் சத்தத்துக்கே அதன் தோல் நடுங்கிற்று. அந்தக் குதிரையை வழிக்குக் கொண்டுவர எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று, அதுவும் பாதிதான்.

மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு இப்படித் தொடங்குங்கள். நெற்றிக்கு நேர் எதிரிலும் வாலுக்கு நேர் பின்னாலும் குதிரைக்குக் கண் தெரியாது. ஆகவே இடது தோள்பக்கமாகப் பேசிக்கொண்டே போங்கள். கயிற்றைத் தளர்வாகப் பிடியுங்கள். பிடரி மயிர் முடிகிற மேட்டில் விரலால் சொறிந்துகொடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு இறங்குவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். மேலுதடு நீண்டு துடித்தால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு கையைக் கழுத்து வழியாகக் காதை நோக்கி நகர்த்துங்கள். ஓரிடத்தில் கழுத்து இறுகும். அங்கேயே கையை நிறுத்துங்கள். மேலே போகவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். தலை ஒரு விரற்கடை தாழ்ந்தாலும், மூச்சை விட்டாலும், அந்த நொடியே கையை எடுத்துவிடுங்கள்.

சூட்சுமம் இதுதான். குதிரை கற்பது நாம் அழுத்தும்போது அல்ல, விடும்போது. தலையை உதறும்போது கையை எடுத்தீர்களானால் உதறுவதைக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். அமெரிக்க மேற்குப் பகுதி மாட்டுப் பண்ணைகளில் டாம் டோரன்ஸ், ரே ஹன்ட் போன்ற குதிரைப் பயிற்சியாளர்கள் பரப்பிய முறையும் இதைத்தான் அடிப்படையாகக் கொண்டது. உங்கள் கத்தியவாரிக்கு உள்வளைந்து நுனி முட்டுகிற காது அல்லவா? அதுவே உங்களுக்குத் துப்புச் சொல்லும்: பின்னால் படிந்தால் நிறுத்துங்கள், உங்கள் பக்கம் திரும்பினால் தொடருங்கள்.

ஒரு வேளைக்குக் கால்மணி நேரம் போதும். காது பழகிய பின் கடிவாளத்தின் தோல்வாரை மட்டும் காட்டுங்கள்; இரும்பைக் கடைசியில் வையுங்கள். எத்தனை நாள் என்று கேட்காதீர்கள். மஞ்சளுக்குப் பத்து மாதம் காத்திருக்கிறவர் நீங்கள்.

ஏறுவதற்கு முன் ஒரு கணக்கு. நூலால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து புட்டத்து எலும்பு வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,877ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிலோவில் வரும். சுற்றளவு 160, நீளம் 150 என்றால் 323 கிலோ. சேணத்தோடு சேர்த்து அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் ஏற்றக் கூடாது; அதாவது 65 கிலோ. நீங்களே 72. உங்கள் குதிரையின் அளவை எடுத்து எழுதுங்கள். அதுவரை கயிற்றைப் பிடித்து வாய்க்கால் வரப்பில் கூடவே நடந்துவாருங்கள்.