புகாராவின் சந்தைக் குவிமாடங்கள்: கேள்வி பதில்

கேள்வி: உஸ்பெகிஸ்தானின் புகாராவில் "தாக்கி" என்கிறார்களே, அது தெருவா, கட்டடமா?

பதில்: இரண்டும்தான். தெருக்கள் கூடும் சந்தியின் மேல் செங்கல் குவிமாடத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருக்கும். தெரு ஒரு வளைவுக்குள் புகுந்து மறு வளைவு வழியாக வெளியேறும், சுற்றிலும் கடைகள். 16ஆம் நூற்றாண்டில் ஷைபானி மன்னர்கள் காலத்தில் எழுந்தவை. இன்று மிஞ்சியவை மூன்று: சர்கரான் (நகை செய்வோர்), தெல்பக் ஃபுரூஷான் (தொப்பி விற்போர்), சர்ராஃபான் (நாணயம் மாற்றுவோர்). அம்பு செய்வோரின் குவிமாடமும் மாவு விற்போரின் குவிமாடமும் போய்விட்டன.

கேள்வி: ஒன்றைத்தான் நின்று பார்க்க முடியும் என்றால்?

பதில்: பலர் சர்கரானைச் சொல்வார்கள். நான் தெல்பக் ஃபுரூஷானைத்தான் சொல்வேன். அங்கே ஐந்து தெருக்கள் கோணல்மாணலாக வந்து முட்டுகின்றன. கொத்தனார்கள் தெருக்களை நிமிர்த்தப் போகவில்லை. அறுகோண அடித்தளம் போட்டு அத்தனை கோணலையும் அதற்குள் அடக்கிவிட்டார்கள். நடுவில் நிற்பவருக்குக் கோணல் எதுவும் தெரியாது. வெளியே போகும்போதுதான் எந்தத் தெருவில் வந்தோம் என்று குழம்புவோம்.

கேள்வி: கோடையில் உள்ளே புழுங்காதா?

பதில்: புழுங்காது. சுவர் தடிமன், வெளிச்சம் உச்சியிலுள்ள சிறு சாளரங்கள் வழியாக வருகிறது, வெப்பக் காற்றும் அப்படியே மேலேறிப் போய்விடும்.

கேள்வி: சர்ராஃப் என்பது நம் "சராப்பு"தானா?

பதில்: அதேதான். அரபிச் சொல்; பாரசீகம் பேசிய புகாராவுக்கும் போனது, தமிழுக்கும் வந்தது. பக்கத்திலுள்ள மகோகி அத்தாரி பள்ளிவாசலின் பெயரில் இருப்பதும் நம் அத்தர்தான். ஆனால் இதை வைத்துத் தமிழ் வணிகர்கள் அங்கே கடை போட்டார்கள் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். புகாராவில் வட்டிக்குக் கடன் கொடுத்த இந்தியர்களில் பேர்பெற்றவர்கள் முல்தானிகள், அதாவது இன்று பாகிஸ்தானில் இருக்கும் முல்தான் நகரத்து வணிகர்கள்.

கேள்வி: "திம்" வேறா?

பதில்: வேறு. தாக்கி சந்தியின் மேல் நிற்கும். திம் தெருவோரத்தில் நிற்கும் மூடிய கூடம். 1577இல் கட்டிய அப்துல்லா கான் திம்மில் பட்டும் கம்பளித் துணியும் விற்றார்கள்.

கேள்வி: சர்கரானில் இன்றும் நகை கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். சூசானி பூத்தையல் துணியும் நாரை வடிவக் கத்தரிக்கோலும்கூட அந்தக் கடைத்தெருக்களில் கிடைக்கும். முதலில் சொல்லும் விலைக்கு மட்டும் வாங்கிவிடாதீர்கள்.