உடம்பு சரியில்லாம ப்ளஸ் டூவ திரும்ப படிச்சா காலேஜ் சேர்றதுல சிக்கல் வருமா?

திரும்ப படிக்கிறதுன்னா, மஞ்சக்காமாலை மாதிரி ஏதாவது வந்து மாசக்கணக்கா ஸ்கூல் போக முடியாம, பப்ளிக் எக்ஸாமும் எழுதாம, அடுத்த ஜூன்ல அதே கிளாஸ்ல மறுபடி உக்கார்றது, அவ்ளோதான்.

ஏன் இப்படி பண்றாங்கன்னா, நம்ம ஊர் இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல மேத்ஸ் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50ன்னு 200க்கு கட்ஆஃப் போடுறாங்க, அது முழுக்க ப்ளஸ் டூ மார்க்குதான், அரைகுறையா படிச்சு எழுதி பாஸானா அந்த கட்ஆஃப்தான் கைல நிக்கும். என்ஐடி மாதிரி காலேஜ்ல இன்ஜினியரிங் சேர்ற நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின்ல பாத்தீங்கன்னா வயசு கணக்கே இல்ல, ப்ளஸ் டூ எந்த வருஷம்ங்கறதுதான் கணக்கு, அந்த வருஷத்தோட சேத்து மூணு வருஷம் எழுதலாம். பாஸ் பண்ணிட்டு வீட்ல உக்காந்தா அதுல ஒரு வருஷம் போச்சு, எழுதாமலே திரும்ப படிச்சா போகாது. (இத நிறைய பேர் யோசிக்கறதே இல்ல.)

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வச்சிருக்கவங்களுக்கு தெரியும், மரம் ஒரு வருஷம் காய்க்காம ஓய்வெடுக்கும், ஆனா மண்டில பழத்தத்தான் பாப்பாங்க, போன வருஷம் ஏன் காய்க்கலன்னு எவனும் கேக்க மாட்டான். காலேஜ் சேர்றதும் அதே மாதிரிதான்.

டாக்டர் சர்டிபிகேட்ட மட்டும் பத்திரமா வைங்க, ஹெச்எம்கிட்ட முன்னாடியே பேசிடுங்க.

அப்புறம், வயசு ஏறிட்டா நீட் எழுத முடியாதுன்னு தர்மபுரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேசிக்கறாங்க, அது தப்பு, 17 வயசு நிரம்பணும்னு கீழ்வரம்புதான் இருக்கு, மேல்வரம்பு கிடையாது.